கடை, டிவி, கல்லா எல்லாம் ஒரே போன்ல: வேலூர் பக்கம் என்ன நடக்குது

வேலூர் காந்தி ரோட்டுல லாட்ஜ் நடத்துறவங்களுக்கு இன்னிக்கு பெரிய விளம்பரம் எதுன்னு பாத்தீங்கன்னா, மேற்கு வங்காளத்துல ஏதோ ஒரு ஊர்லேந்து சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வந்துட்டுப் போன ஒருத்தர் பெங்காலில போட்ட யூடியூப் வீடியோ தான். காட்பாடில எறங்கினா எந்தப் பக்கம் வெளிய வரணும், ஆட்டோவுக்கு எவ்ளோ கேப்பாங்க, புது பேஷன்ட் எந்த கவுன்ட்டர்ல நிக்கணும், சமைச்சு சாப்புடற மாதிரி அடுப்போட ரூம் எந்த சந்துல கெடைக்கும், மீன் எங்க வாங்கலாம்னு வரிசையா சொல்லிட்டு, ரூம் உள்ள போயி பாத்ரூம் வரைக்கும் காட்டிடுறாங்க. அத பாத்துட்டு ஆயிரத்து ஐநூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் ரயில் ஏறுற குடும்பம், காட்பாடி வரதுக்கு முன்னாடியே போன் பண்ணி ரூம் சொல்லி அட்வான்ஸும் ஜிபேல போட்டுடுது. 1900-ல டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோட ஆரம்பிச்ச அந்த ஆஸ்பத்திரியோட பேரு வாய்வழியா பரவுறதுக்கு எத்தனையோ வருஷம் ஆச்சி, இப்ப ஒரு லாட்ஜோட பேரு பரவுறதுக்கு ஒரு ராத்திரி போதும்.

அந்த பத்து நிமிஷ வீடியோ எத்தன பேரோட வேலைய பண்ணுதுன்னு யோசிச்சுப் பாருங்க. பேப்பர்ல வர வரி விளம்பரம், ஸ்டேஷன் வாசல்ல நிக்கிற புரோக்கர், ஊர் மேப், எஸ்டிடி பூத், மணி ஆர்டர் எல்லாம் அதுக்குள்ளயும் அத பாக்குற போனுக்குள்ளயும் வந்துடுச்சி. முப்பது வருஷம் முன்னாடி இது ஒவ்வொண்ணும் தனித் தொழில், தனி ஆளு, தனி வருமானம். இப்படி பேப்பர், டிவி, போன், கம்ப்யூட்டர், கடை, பேங்க் எல்லாம் தனித்தனியா இருந்தது ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்து போறதத் தான் மீடியா கன்வர்ஜென்ஸ்னு சொல்றாங்க. இதுல நான் சொல்ல வரது ஒரே விஷயம் தான். இந்த கலப்பால நம்ம வட ஆற்காடு பக்கத்து ஆளுங்களோட திறமை வெளிய தெரிய ஆரம்பிச்சிருக்கு, அது நெஜம், சந்தோஷம், ஆனா கல்லாப்பெட்டி ஊர வுட்டு வெளிய போயிடுச்சி, இந்த ரெண்டையும் சேத்து வச்சுப் பாக்காம பசங்கள "எப்பப் பாத்தாலும் போன நோண்டினே இருக்கான்"னு திட்டுறதுலயும் பிரயோஜனம் இல்ல, "யூடியூப்ல லட்சம் லட்சமா சம்பாதிக்கிறான்"னு பெருமை பேசுறதுலயும் பிரயோஜனம் இல்ல.

இந்த ஐடியா ஒண்ணும் நேத்து வந்தது கெடையாது. அமெரிக்காவுல எம்ஐடின்ற யுனிவர்சிட்டில இருந்த இத்தியேல் டி சோலா பூல்னு ஒரு பேராசிரியர் 1983-லயே இத எழுதிட்டாரு. அது வரைக்கும் பேச்சுன்னா டெலிபோன் கம்பி, படம்னா டிவி ஆன்டெனா, எழுத்துன்னா காகிதம்னு ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு தனி வழி இருந்துச்சி, ஒரே கம்பில எல்லாம் போகும், ஒரே விஷயம் பல வழில போகும், அப்ப நடுவுல இருக்குற வேலி உடையும்னு சொன்னாரு. காரணம் சிம்பிள், பாட்டோ படமோ லெட்டரோ காசோ எதுவா இருந்தாலும் டிஜிட்டல் ஆயிடுச்சின்னா வெறும் ஒண்ணு பூஜ்யம் தான், அத கொண்டு போற கம்பிக்கு இது வாத்தியார் பாடமா மாரியம்மன் பாட்டான்னு தெரியத் தேவையில்ல. இத நம்பி பெரிய கம்பெனிங்க அவசரப்பட்டு கையச் சுட்டுகிட்டதும் உண்டு. 2000 ஜனவரில ஏஓஎல்னு இன்டர்நெட் கம்பெனியும் டைம் வார்னர்னு மீடியா கம்பெனியும் ஒண்ணா சேரப்போறதா அறிவிச்சாங்க, உலகமே வாயப் பொளந்து பாத்துச்சி, 2002-ல மட்டும் அந்த கம்பெனிக்கு கிட்டத்தட்ட 9,900 கோடி டாலர் நஷ்டம், 2009-ல பிரிஞ்சே போயிட்டாங்க. கம்பெனிய சேத்துட்டா ஜனங்க பழக்கமும் சேந்துடும்னு நெனச்சாங்க, ஆனா ஜனங்க கைல அந்த எல்லாத்தையும் ஒண்ணா காட்டுற சாமான் அப்ப இல்ல. ஐபோனே 2007-ல தான் வந்துச்சி, நம்ம கைக்கு வெல கொறஞ்ச ஆண்ட்ராய்டு வரதுக்கு இன்னும் நாலஞ்சு வருஷம்.

நம்ம நாட்டுலயும் 2001-ல கம்யூனிகேஷன் கன்வர்ஜென்ஸ் மசோதான்னு பார்லிமென்ட்ல கொண்டு வந்தாங்க, டெலிகாம், டிவி, இன்டர்நெட் மூணுக்கும் சேத்து ஒரே சட்டம் ஒரே கமிஷன்னு. அது நிறைவேறாமலே காலாவதி ஆயிடுச்சி. சட்டத்தால சேராதது 2016-ல ஒரு சிம் கார்டால சேந்துச்சி. அதுக்கு முன்னாடி நெலமை என்னன்னு இப்ப இருக்குற பசங்களுக்கு சொன்னா நம்ப மாட்டாங்க. ஒரு ஜிபி நெட் பேக் 250 ரூபா கிட்ட, அதுவும் மாசம் முழுக்க வரணும். ரிசல்ட் பாக்க பிரவுசிங் சென்டர்ல க்யூ. பாட்டு வேணும்னா மொபைல் கடைல மெமரி கார்ட குடுத்தா இருபது முப்பது ரூபாய்க்கு ஏத்திக் குடுப்பாங்க, அதுக்குன்னே கம்ப்யூட்டர் வச்சு கடை நடத்துன அண்ணனுங்க லாங் பஜார் பக்கம் எத்தன பேரு. 2016 செப்டம்பர் 5 ஜியோ வந்துச்சி, மொதல்ல நெட்டு இலவசம், அந்த பாட்டு ஏத்துற தொழில் கொஞ்ச நாள்லயே படுத்துடுச்சி. அதே வருஷம் ஏப்ரல்ல யூபிஐ வந்துருந்துச்சி, நவம்பர் 8 ராத்திரி ஐநூறு ஆயிரம் செல்லாதுன்னு சொன்னாங்க, டிசம்பர் கடைசில யூபிஐல காசு அனுப்ப அரசாங்கத்தோட பீம் ஆப் வந்துச்சி. நெட்டு, காசு, வீடியோ மூணும் ஒரே வருஷத்துல ஒரே போனுக்குள்ள வந்து உக்காந்ததுக்கு அப்புறம் தான் நம்ம பக்கம் கன்வர்ஜென்ஸ் நெஜமாவே ஆரம்பிச்சிது. 2023 ஆகஸ்ட்ல நாடு முழுக்க ஒரே மாசத்துல யூபிஐ பரிமாற்றம் ஆயிரம் கோடி தடவைய தாண்டிச்சி. நேதாஜி மார்க்கெட்டுல கொத்தமல்லி கட்டு விக்கிற அம்மா கூட "சில்லறை இல்லப்பா, ஸ்கேனர் கீது பாரு"ன்னு தான் சொல்றாங்க.

இதுல அதிகம் பேசப்படாத ஒரு ஆளு நம்ம கேபிள்காரர். 1993 ஏப்ரல்ல சன் டிவி வந்ததுலேந்து ஒவ்வொரு தெருவுலயும் மொட்டை மாடி மொட்டை மாடியா ஒயர் இழுத்தவரு. 2006-க்கு அப்புறம் அரசாங்கம் இலவச கலர் டிவி குடுத்தப்ப அவருக்கு வீட்டுக்கு வீடு கனெக்ஷன் ஏறிச்சி, அரசு கேபிள் வந்துச்சி, அப்புறம் செட்டாப் பாக்ஸ், 2019 பிப்ரவரில டெலிகாம், கேபிள் கட்டணத்த கட்டுப்படுத்துற டிராய் ஆணையம் புது கட்டண முறை கொண்டு வந்து நூறு சேனலுக்கு அடிப்படை கட்டணம் 130 ரூபா பிளஸ் வரி, பே சேனலுக்கு தனித்தனி காசுன்னு ஆனப்ப நெறய பேரு "எதுக்கு இத்தன சேனலு, யூடியூப் இருக்கே"ன்னு ஒதுங்க ஆரம்பிச்சாங்க. பொழச்சுகிட்ட கேபிள்காரங்க யாருன்னா அதே கம்பம், அதே கஸ்டமர், பழைய ஒயர தூக்கிட்டு ஃபைபர் போட்டவங்க. இன்னிக்கு அவரே நெட்டு, அவரே டிவி, அவரே ஓடிடி பேக்கேஜ், மாசக் கடைசில வசூலுக்கு வரப்போ கைல நோட்டு இல்ல, போன்ல லிங்க் அனுப்புறாரு. பெரிய எடத்துலயும் இதே கதை தான். 2023-லேந்து 2027 வரைக்கும் ஐபிஎல் காட்டுற உரிமைய 2022-ல ஏலம் வுட்டப்ப இந்தியாவுக்கு டிவி உரிமை 23,575 கோடிக்கு போச்சி, டிஜிட்டல் உரிமை 23,758 கோடிக்கு போச்சி. போன்ல பாக்குறது டிவில பாக்குறத வெலைல தாண்டிடுச்சி. அப்புறம் ரெண்டு உரிமையும் வாங்குன கம்பெனிங்களே 2024-ல ஒண்ணா சேந்துடுச்சி, அதோட வேலி முழுசா போச்சி.

சரி, ஊர் விஷயத்துக்கு வரேன். கன்வர்ஜென்ஸ்னா என்னன்னு ஒரே எடத்துல நின்னு பாக்கணும்னா பொங்கல் முடிஞ்ச கையோட அணைக்கட்டு, கணியம்பாடி, கே.வி.குப்பம் பக்கம் எருது விடும் விழா நடக்குற ஏதாவது ஊருக்கு போங்க. நம்ம பக்கத்து விழாவுக்கும் மதுரை ஜல்லிக்கட்டுக்கும் வித்தியாசம் இருக்கு, இங்க மாட்ட அணைய மாட்டாங்க, ஒவ்வொரு மாடா வாடிவாசல்லேந்து வுடுவாங்க, ரெண்டு பக்கமும் தடுப்பு, நடுவுல மாடு ஓடி எல்லைக் கோட்ட எத்தன செகண்டுல தாண்டுதுன்றது தான் கணக்கு, கொறஞ்ச நேரத்துல போற மாட்டுக்கு பரிசு. 2014 மே மாசம் சுப்ரீம் கோர்ட் இந்த மாதிரி மாட்டு விழாவுக்கெல்லாம் தடை போட்டுது, 2017 ஜனவரில மெரினால ஆரம்பிச்சு தமிழ்நாடு முழுக்க காலேஜ் பசங்க உக்காந்தாங்களே, அந்தப் போராட்டத்துக்கு ஒரு தலைவர் இல்ல, கட்சி இல்ல, வாட்ஸ்அப்பும் ஃபேஸ்புக்கும் தான் மைக் செட்டு. ஜனவரி 21 அவசர சட்டம், 23 சட்டசபைல சட்டம், 2023 மே 18 அந்த சட்டம் செல்லும்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சி. ஒரு தலைமுறைக்கு தன் கைல இருக்குற போனோட பலம் என்னன்னு புரிஞ்ச மொத தடவை அது.

அந்த பலத்த அவங்க அதோட வுட்டுடல. இன்னிக்கு ஒரு விழாவுல வாடிவாசல் கிட்ட ஒரு பையன் மொபைல ஆடாம புடிக்கிற ஜிம்பல்ல மாட்டி நிப்பான், எல்லைக் கோட்டுகிட்ட இன்னொருத்தன் ஸ்டாண்டு போட்டு லைவ் ஓட்டினு இருப்பான், மேல ட்ரோன் சுத்தும். மாட்டோட பேரு, ஓனர் பேரு, ஊரு, நேரம் நாலும் கமெண்ட்ரில வந்தாகணும், ஒண்ணு வுட்டுப்போனா கீழ கமெண்ட்ல சண்டை வந்துடும். மாடு ஓடி முடிக்கிற அந்த சில செகண்டு வீடியோவ எடுத்து, மாடு திரும்பி கொட்டாய்க்கு வரதுக்குள்ள ஸ்லோ மோஷன் போட்டு, பேருக்கு தீப்பொறி பறக்குற மாதிரி எழுத்து போட்டு ரீல் ஏத்திடுவாங்க. நான் பக்கத்துல நின்னு பாத்தேன், பத்தாவதோ பதினொண்ணாவதோ படிக்கிற பையன், கட்டை விரல் ரெண்டுலயும் அவ்ளோ வேகம், மாடு கால் தரைல படுற தாளத்துக்கு ட்ரம் சவுண்ட நிறுத்தி வச்சு வெட்டுறான். "இத எங்கப்பா கத்துகினே"ன்னு கேட்டா "யாரும் சொல்லித் தர்ல ணா, பாத்து பாத்து பண்றது தான்"னு சொன்னான். இதே வேலைய சென்னைல ஒரு எடிட்டிங் ஸ்டுடியோல பண்ணா சம்பளம், இங்க அது பொழுதுபோக்கு கணக்குல போயிடுது.

இந்த வீடியோவ சுத்தி ஒரு சின்ன மார்க்கெட்டே வளந்துருக்கு. பேர் எடுத்த மாட்டுக்கு ரசிகர் பேஜ் இருக்கு, பேனர் இருக்கு, டி-ஷர்ட் இருக்கு, வீடியோல நல்லா ஓடுன மாடுன்னா விக்கிறப்ப வெலையே தனி. உள்ளூர் நகைக்கடை, பைக் ஷோரூம், மொபைல் கடைன்னு லைவுக்கு ஸ்பான்சர் புடிக்கிறாங்க. முன்னாடி அந்த கடைக்காரர் லோக்கல் கேபிள் சேனல்ல ஸ்லைடு போட்டாரு, இல்லன்னா தினத்தந்தி தினமலர் வேலூர் பதிப்புல கட்டம் போட்டாரு, இப்ப அந்த காசு இந்தப் பசங்க கிட்ட வருது. இது நல்ல விஷயம்னு தான் நான் சொல்லுவேன், ஏன்னா நேரா கைல வர காசு இது மட்டும் தான்.

மத்த காசு எப்படி போகுதுன்னு பாருங்க. யூடியூப்ல விளம்பர வருமானம் வரணும்னா ஆயிரம் சப்ஸ்கிரைபர் வேணும், அதோட ஒரு வருஷத்துல 4,000 மணி நேரம் பாத்துருக்கணும், இல்ல ஷார்ட்ஸ்னா 90 நாள்ல ஒரு கோடி வியூஸ். தாண்டியாச்சின்னே வைங்க, நீள வீடியோன்னா விளம்பரக் காசுல 55 சதவீதம் வீடியோ போட்டவனுக்கு, ஷார்ட்ஸ்னா அவன் பங்குக்கு ஒதுக்குற தொகைல 45 சதவீதம். ஷார்ட்ஸ்ல வியூஸ் லட்சக்கணக்குல ஏறும், காசு டீச் செலவுக்கு வரும். இன்ஸ்டாகிராம்ல ரீலுக்கு அந்த மாதிரி நிலையான விளம்பரப் பங்கே நம்ம பசங்களுக்கு கெடையாது. இதுக்கு மேல பாட்டு ஒரு வில்லங்கம். மாடு வீடியோக்கு மாஸா ஒரு சினிமாப் பாட்டு போட்டா, அந்த சத்தத்த யூடியூப் கம்ப்யூட்டரே கண்டுபுடிச்சு, பாட்டு உரிமை ஆடியோ கம்பெனியோடதுன்னு கிளெய்ம் போட்டுடும், வீடியோ ஓடும், வியூஸ் ஏறும், விளம்பரக் காசு ஆடியோ கம்பெனிக்கு போகும். வெயில்ல நின்னது இவன், மாட்டுக்கு தவிடு பருத்திக்கொட்டை போட்டு வளத்தவரு அணைக்கட்டுல ஒரு விவசாயி, காசு ரெண்டு பேருக்கும் இல்ல. இது புரிஞ்ச சில பசங்க உள்ளூர்ல கானா பாடுறவங்கள வச்சு மாட்டுக்குன்னே தனிப் பாட்டு போட ஆரம்பிச்சிருக்காங்க, அந்தப் பாட்டு அவங்க சொத்து. எனக்கு இதுல பெரிய நம்பிக்கை இருக்கு, சட்டம் படிக்காமலே உரிமைன்னா என்னன்னு அடிபட்டு கத்துகிட்டாங்க.

நம்ம தமிழ் ஜனங்களால இதுல பெருசா வர முடியாதான்னா, வந்துருக்காங்க. புதுக்கோட்டை மாவட்டத்துல ஒரு கிராமத்து தாத்தாவும் பேரன்களும் ஆரம்பிச்ச வில்லேஜ் குக்கிங் சேனல் தான் 2021-ல ஒரு கோடி சப்ஸ்கிரைபர் தொட்ட மொத தமிழ் சேனல். ஆனா அத காட்டி எல்லாரும் அப்படி வரலாம்னு சொல்றது நியாயம் இல்ல, ஒரு சேனல் மேல வந்தா கீழ ஆயிரம் சேனல் ஆளில்லாம கெடக்கு.

தொழில் பக்கம் பாத்தா எல்லா தொழிலுக்கும் ஒரே மாதிரி அடி விழல. கல்யாண போட்டோகிராஃபர எடுத்துக்குங்க, முன்னாடி ஆல்பம், கேசட், அவ்ளோ தான். இப்ப ப்ரீ வெட்டிங், ட்ரோன், லைவ், முகூர்த்தம் முடியறதுக்குள்ள ரீல், பத்திரிகைல மண்டபத்துக்கு வழி காட்டுற ஸ்கேனர், வெளிநாட்டுல இருக்குற சித்தப்பா லைவ் பாத்துட்டு மொய்ய ஜிபேல போடுறாரு. ஒரு ஸ்டுடியோவே டிவி ஸ்டேஷன் ஆயிடுச்சி, வேலை மூணு மடங்கு, சம்பளம் வாங்குற பசங்க எண்ணிக்கையும் ஏறிருக்கு. அதே சமயம் ஊர் பேர அழகா செவுத்துல எழுதுன ஆர்டிஸ்ட் அண்ணனுங்க ஃப்ளெக்ஸ் வந்தப்பவே போயிட்டாங்க, இப்ப ஃப்ளெக்ஸ் கடைக்கே பாதி வேலை கொறஞ்சு பொறந்தநாள் வாழ்த்து எல்லாம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்க்கு போயிடுச்சி.

ஆரணி பட்டு, குடியாத்தம் லுங்கி, ஆம்பூர் ஷூ மூணுலயும் வேற வேற மாதிரி நடக்குது. பட்டுப் புடவை போட்டோ நெசவாளர் வீட்டுலேந்து ஒரு குரூப்புக்கு போகும், அங்கேந்து ரீசெல்லர் அக்கா எடுத்து முந்நூறு ரூபா ஏத்தி தன்னோட குரூப்ல போடுவாங்க, அதுலேந்து இன்னொருத்தங்க இன்னும் ஏத்துவாங்க. வீட்ட வுட்டு வெளிய போயி வேலை பாக்க முடியாத எத்தனையோ பொண்ணுங்களுக்கு இது மொத வருமானம், அத கொறைச்சு பேசவே கூடாது. ஆனா நெய்யுறவருக்கு தன் புடவை கடைசில எவ்ளோக்கு வித்துதுன்னே தெரியாது, முன்னாடி ஒரு மாஸ்டர் வீவர் நடுவுல இருந்தாரு, இப்ப முகம் தெரியாத நாலு குரூப் நடுவுல இருக்கு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்து தோல் ஃபேக்டரிங்க வெளிநாட்டு பிராண்டுக்கு ஷூ தச்சு தச்சு பல வருஷ அனுபவம், ஆனா அந்த ஷூ மேல ஊர் பேரு வந்ததே இல்ல. ஹைவே ஓரம் ஏற்றுமதில மிஞ்சுன சரக்க விக்கிற எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கடை வச்சிருக்குறவங்க வீட்டுப் பசங்க இப்ப ரீல்ல "இது ஒரிஜினல் லெதர், இந்த தையல பாருங்க, சோல இப்படி மடக்கிப் பாருங்க"ன்னு காட்டி விக்கிறாங்க, நாகர்கோவில்லேந்து ஆர்டர் வருது. தைக்கிற கைய முகத்தோட காட்டுன மொத தலைமுறை இவங்க தான்.

இதுல ஒரு அபாயம் இருக்கு, நான் கண்ணால பாத்தது. எனக்கு தெரிஞ்ச ஒரு தம்பி மூணு வருஷமா ஒரே ஒரு ஆப்ல கணக்கு வச்சு செருப்பு வித்தான், கஸ்டமர் எல்லாம் அந்த இன்பாக்ஸ்லயே. ஒரு நாள் காலைல கணக்கு முடக்கம், காரணம் சொல்லல, முறையிட ஆளும் இல்ல, தானா வர பதில் மெயில் மட்டும். சரக்கு வீட்டுல இருக்கு, கை இருக்கு, வாங்குறவங்க யாருன்னு தெரியல. வேலூர்ல வாடகைக் கடைய காலி பண்ணச் சொன்னா கூட ரெண்டு மாசம் டைம் குடுப்பாங்க, பஞ்சாயத்து பேச நாலு பேரு வருவாங்க. அப்புறம் அவன் ஒரு நோட்டு போட்டு ஒவ்வொரு கஸ்டமர் நம்பரும் அவங்க கால் சைசும் எழுதி வச்சிக்கிறான், இப்ப ரெண்டாவது ஜோடி வாங்குறவங்க பெரும்பாலும் நேரா போன் பண்றவங்க தான்.

ஸ்கேனர் விஷயத்துலயும் இதே பார்வை வேணும். 2020 ஜனவரிலேந்து யூபிஐல வாங்குறதுக்கு கடைக்காரர் கிட்ட கமிஷன் கெடையாது, சவுண்ட் பாக்ஸுக்கு மாச வாடகை மட்டும் சில ஆப்ல புடிப்பாங்க. அப்ப அவங்களுக்கு லாபம் எங்கன்னா, கடையோட கலெக்ஷன் கணக்கு அவங்க கிட்ட இருக்கு, அத வச்சு லோன் வேணுமான்னு கேட்டு மெசேஜ் மேல மெசேஜ் வரும். இதுல நல்லதும் இருக்கு, தள்ளு வண்டிக்காரருக்கு பேங்க் மேனேஜர் முன்னாடி காட்ட ஒரு கணக்கு கெடைச்சிருக்கு, கந்துக்காரர் கிட்ட காலைல வாங்கி சாயங்காலம் கட்டுறத வுட அது எவ்ளவோ மேல். வட்டி எவ்ளோ, தெனம் எவ்ளோ புடிப்பாங்கன்னு படிச்சு சொல்ல வீட்டுல ஒரு புள்ள இருந்தா போதும்.

பசங்கள பத்தி பேசுறப்ப 2020-அ தாண்டிப் போக முடியாது. பள்ளிக்கூடம் மூடி, கிளாஸ் போனுக்குள்ள வந்துச்சி, கல்வி டிவி ஒரு பக்கம், வாட்ஸ்அப்ல வீட்டுப் பாடம் ஒரு பக்கம், அதே வருஷம் ஜூன் 29 டிக்டாக்க தடை பண்ணாங்க, ஜூலைல இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், செப்டம்பர்ல யூடியூப் ஷார்ட்ஸ். பாடமும் பொழுதுபோக்கும் ஒரே ஸ்கிரீன்ல, நடுவுல மணி அடிக்கிற ஆளு இல்ல. நாம தான் போன வாங்கிக் குடுத்தோம், கடன் வாங்கி கூட குடுத்தோம், அப்புறம் திருப்பிக் குடுன்னா எப்படி குடுப்பான். பையனுக்கும் பொண்ணுக்கும் இதுல நடத்துற விதம் வேற வேறன்றதையும் சொல்லியாகணும். பையன் ரீல் போட்டா திறமைன்றோம், நல்லா பேசத் தெரிஞ்ச பொண்ணு ஒரு வீடியோ போட்டா கீழ வர கமெண்ட்டும் சொந்தக்காரங்க போனும் சேந்து அந்த அக்கவுண்ட்ட மூட வச்சிடுது. பாதி திறமைய நாமளே பூட்டு போட்டு வச்சிருக்கோம்.

இன்னொண்ணு சூதாட்ட ஆப் ப்ரொமோஷன். பத்தாயிரம் ஃபாலோயர் வந்த ஒடனே மொதல்ல மெசேஜ் அனுப்புறது இந்த ஆளுங்க தான், காசும் அவங்க தான் அதிகம் தருவாங்க. 2022-ல தமிழ்நாடு தனிச் சட்டம் போட்டுது, 2025 ஆகஸ்ட்ல பார்லிமென்ட்டும் காசு வச்சு ஆடுற ஆன்லைன் விளையாட்டுக்கு தடைச் சட்டம் கொண்டு வந்துச்சி, அதுல விளம்பரம் பண்றவனுக்கும் தண்டனை உண்டு. பசங்களுக்கு இது தெரியறதில்ல. அதே மாதிரி காசு வாங்கிட்டு ஒரு பொருள புகழ்ந்தா விளம்பரம்னு போடணும்னு விதி இருக்கு, 2022 ஜூலைலேந்து 20,000 ரூபாய்க்கு மேல ஓசில பொருள் வாங்குனா கூட 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே புடிக்கிற வருமான வரி இருக்கு. பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் பாடத்துல இத ஒரு நாள் சொல்லிக் குடுத்தா என்ன, பாதி கிளாஸுக்கு ஏற்கனவே அக்கவுண்ட் இருக்கு.

எல்லாத்தையும் வுட கனமான ஒரு விஷயம் நம்ம பழைய வட ஆற்காடு பக்கமே நடந்துச்சி. 2018-ல புள்ள புடிக்கிறவங்க சுத்துறாங்கன்னு வாட்ஸ்அப்ல ஒரு வதந்தி. மே மாசம் போளூர் பக்கம் அத்திமூர்ல, சென்னைலேந்து குலதெய்வம் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் வழில கொழந்தைங்களுக்கு சாக்லேட் குடுத்ததுக்கு சந்தேகப்பட்டு ஊரே கூடி அடிச்சு, 65 வயசு அம்மா செத்துட்டாங்க. அந்த ஜூலைல வாட்ஸ்அப் இந்தியாவுல ஒரு மெசேஜ அஞ்சு பேருக்கு மேல ஃபார்வேர்டு பண்ண முடியாதுன்னு கட்டுப்பாடு வச்சுது, 2020-ல அடிக்கடி சுத்துற மெசேஜுக்கு ஒரே ஒரு சாட்னு கொறைச்சுது. பேப்பர்ல ஒரு நியூஸ் வரணும்னா ரிப்போர்ட்டர் இருந்தாரு, சப் எடிட்டர் இருந்தாரு, தப்பா வந்தா கேஸ் போட ஒரு விலாசம் இருந்துச்சி. எல்லாரும் மீடியா ஆனப்ப அந்த நடு ஆளுங்க காணாம போனாங்க, அவங்க பாத்த வேலைய நாம யாரும் எடுத்துக்கல. லாட்ஜுக்கு வர பெங்காலி குடும்பத்துக்கு வழி காட்டுற அதே போன் தான், வெளியூர் ஆள பாத்தா சந்தேகப்படவும் சொல்லிக் குடுத்துச்சி. 2023 மார்ச்ல பீகார் தொழிலாளர்கள தமிழ்நாட்டுல அடிக்கிறாங்கன்னு பொய் வீடியோ வடக்க சுத்துனப்பவும் இதே தான், அந்த தடவை போலீஸ் வேகமா மறுத்து கேஸ் போட்டதால கொஞ்சம் அடங்கிச்சி.

கடைசியா பேரு விஷயம். போன்ல ஒரு ஊர் பேரு ரொம்ப வேகமா ஓடும், ஊருக்கு சம்பந்தமே இல்லாதவங்க கூட அந்தப் பேர எடுத்துப்பாங்க. ஆம்பூர் பிரியாணின்னு போர்டு எந்த ஊர் ஹைவேலயும் பாக்கலாம், அதுல சீரக சம்பா கூட இருக்காது. ஆனா அந்த பிரியாணிக்கு தொட்டுக்குற கத்திரிக்காய்ல நமக்கு ஒரு பிடி இருக்கு. அணைக்கட்டு பக்கத்து இலவம்பாடி முள் கத்திரிக்காய்க்கு 2023-ல புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊர் பொருளுக்கு மட்டும் தான் அந்தப் பேருன்ற சட்டப் பாதுகாப்பு கெடைச்சிருக்கு. குறியீடு கெடைச்சதோட வேலை முடியல, வெளைவிக்கிற ஒவ்வொருத்தரும் அங்கீகரிக்கப்பட்ட பயனரா தனியா பதிவு பண்ணா தான் அந்தப் பேர சட்டப்படி போட்டு விக்க முடியும், பதிவு பத்து வருஷம் செல்லும், திரும்ப புதுப்பிக்கலாம். அப்பா தோட்டத்துல இருக்காரு, அவருக்கு ஃபார்ம் நெரப்ப நேரமும் இல்ல பழக்கமும் இல்ல. ரீல் எடிட் பண்ணத் தெரிஞ்ச புள்ள அந்த வீட்டுல இருக்கு. அந்தப் பக்கத்துப் பசங்க யாராவது இத படிக்கிறீங்கன்னா, அடுத்த ரீலுக்கு முன்னாடி உங்க வீட்டு பேருல அந்த பதிவு இருக்கான்னு தோட்டக்கலை ஆபீஸ்ல ஒரு தடவை விசாரிச்சுட்டு வாங்க, அப்புறம் தோட்டத்துலேந்தே வீடியோ போடுங்க, கீழ போடுற போன் நம்பர் உங்களோடதா இருக்கட்டும்.